கச்சான் காலத்துப் பங்குலாபம்

கம்பனிக்கு ஓர் ஆற்றின் பெயர்.
நாலு பேரும் நாலு விதமாய் உச்சரிப்போம்.
கொழும்புத் தரகர் மட்டும் சரியாய்ச் சொல்வார்,
அது வேறேதோ கம்பனிபோலக் கேட்கும்.

வியாழக்கிழமை
ஆதம்பாவா அஸர் தொழுது வந்ததும்
கல்முனையில் அவர் கடை மேசையில்
சார்ஜ் ஏறும் பற்றரிகளுக்கு நடுவே
ஆண்டறிக்கை விரியும்.
அறுபத்தோராம் பக்கத்தில் அசிட் பட்ட துளை.
அதற்குள்ளால் அறுபத்துமூன்றின் ஓர் எண் தெரியும்.

அவரிடம் எட்டாயிரம் பங்கு.
நேசமலர் ரீச்சரிடம் இரண்டாயிரத்து ஐந்நூறு.
நில அளவைக் கனகசூரியம் தொகை சொல்லமாட்டார்,
"கொஞ்சம் கிடக்கு" என்பார், காணியைச் சொல்வதுபோல.
என்னிடம் நானூறு.
பாமசியில் மாத்திரை எண்ணுகிற கைக்கு
நானூறு என்ன பெரிய எண்ணா,
நாலு போத்தல்.

இம்முறை பங்குக்கு ஐம்பத்தைந்து சதம்.
வரி போக எனக்கு
நூற்றெண்பத்தேழு ரூபாய்.

ஷட்டரைப் பிடித்து உலுப்புகிறது கச்சான்.
தேத்தண்ணிக்குள் மண்.
"அடிக்கட்டும், நல்லா அடிக்கட்டும்" என்கிறார் கனகசூரியம்.
மலைக்கு அந்தப் பக்கம் மழையை இறக்கிவிட்டு
வெறுங்கையோடு நம்மிடம் வருகிற காற்று இது.
இங்கே கிணறு அடி தட்டும் மாதங்களில்தான்
அங்கே நம் சுழலி முழுமூச்சாய் ஓடும்.
மாரியில் நம் வாசலில் வெள்ளம் நிற்கும்போது
காலாண்டறிக்கை மெலிந்து வரும்.

போன வருசம் அவர் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தார்.
ஓர் இடுப்பளவுக் கட்டு, ஒரு குழாய்,
ஒரு தகரக் கொட்டில்,
கொட்டிலுக்கு ஒரு நாய்.
"அவ்வளவுதானா?" என்றார் ரீச்சர்.
"அவ்வளவுதான்.
சத்தம்தான் பெரிசு."
வந்த கிழமையே இன்னும் ஆயிரம் வாங்கினார்.

ரீச்சர் பேனையைத் திறந்தார்.
ஒப்பந்தம் முடிய நாலு வருசம்.
நாலு ஐம்பத்தைந்து, இரண்டு ரூபாய் இருபது.
இன்றைய விலை ஒன்பது நாற்பது.
"மிச்சம் ஏழு இருபதையும் யார் தருவார், ஆறா?
இது லாபமில்ல.
நம்மட முதலத்தான் நமக்குத்
துண்டு துண்டாத் தாறாங்க."

ஒருவரும் பேசவில்லை.
அப்போது பார்த்துக் கரண்டும் போனது.
சார்ஜரின் சிவப்புப் பொட்டுகள்
ஒவ்வொன்றாய் அவிந்தன.
முதலில் சிரித்தது யாரென்று இருட்டில் தெரியவில்லை.

ஆதம்பாவா போன் வெளிச்சத்தில்
வேறொரு கணக்குப் பார்த்தார்.
கம்பனி வங்கியில் போட்ட காசுக்கு வட்டி வருகிறதாம்,
வருமானத்தில் நூற்றுக்கு நாலு.
அவர் கைக்கு வந்தது மூவாயிரத்து எழுநூற்று நாற்பது.
அதில் நூற்றைம்பதைத் தனியே மடித்து
மேல்சட்டைப் பையில் வைத்தார்.
"இது என்ட இல்ல.
நன்மை நினைச்சுக் குடுக்கவும் ஏலா,
சும்மா கையை விட்டுப் போகோணும்."
விற்பதா வேண்டாமா என்று அவர் சொல்லவேயில்லை.

திங்கள் காலை நான் தரகருக்கு எடுத்தேன்.
நானூறும், ஒன்பது நாற்பதுக்கு.
பத்து நிமிசத்தில் போய்விட்டது.

அடுத்த வியாழன்
பிளேன்ரீயை என் பக்கம் நகர்த்திக்கொண்டே
ஆதம்பாவா சொன்னார்:
"திங்கக்கிழமை இன்னொரு நானூறு எடுத்தன் கா,
ஒம்பது நாப்பதுக்கு.
எந்தப் பேயனோ வித்திருக்கான்."

ஒரு மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக
கொழும்புவரை சுற்றி வந்திருக்கிறது
என் நானூறு.
அதுவாகத்தான் இருக்கவேண்டுமென்றில்லை.
ரீச்சர் என்னைப் பார்த்தார்.
நான் தேத்தண்ணி குடித்தேன்.

இப்போதும் இரவுச் செய்தியில்
அந்த மலை மாவட்டத்தின் மழையை
மில்லிமீற்றரில் சொல்லும்போது
மாத்திரை எண்ணுகிற கை நிற்கிறது.
பிறகு
ஒன்றிலிருந்து தொடங்கவேண்டியிருக்கிறது.