வியாழக்கிழமைகள்

ரியெக்கா நகரசபையில் என் வேலை
பேசுகிறவர் சொல்வதைத் தட்டச்சு செய்வது.
இருமலைச் சேர்ப்பதில்லை.
சிரிப்பைச் சேர்க்கலாம், அடைப்புக்குறிக்குள்.
அழுகைக்கு விதி எதுவும் எழுதவில்லை.

மார்ச். வெளியே வழக்கமான மழை.
தீர்மானம் எண் பதினேழு:
பேருந்து நிறுத்தங்களில் முகம் படிக்கும் கேமரா
வேண்டுமா, வேண்டாமா,
வேண்டுமென்றால் படித்ததை எத்தனை நாள் வைத்திருப்பது.

கம்பெனிக்காரர் சட்டை கசங்காமல் வந்திருந்தார்.
நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாகச் சொல்லும், என்றார்.
அந்த மிச்சம் ஒருத்தன் யாரு?
மீன் சந்தை சங்கத்துக்காரர் கேட்டார்.
(சிரிப்பு)

பிறகு ஸோர்க்கா மாத்தெஷிச்.
கப்பல் பட்டறையில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவர்.
நனைந்த குடையை மடியிலேயே வைத்துக்கொண்டு
ஒலிவாங்கிக்கு ரொம்பப் பக்கத்தில் பேசினார்.

"என் வீட்டுக்காரர் வீன்கோ அக்டோபரில் போய்விட்டார்.
ஏழாம் எண் பேருந்தில், உட்கார்ந்தபடியே.
விசாரணைக்கு எடுத்த பதிவை
ஆறுதலாக இருக்கட்டுமென்று உறையில் போட்டுக் கொடுத்தார்கள்.
நான் கேட்கவில்லை.
மூன்று மாதம். அவர் முகம் பட்ட இடமெல்லாம்
மணியோடு, நிமிடத்தோடு.

செவ்வாய், காய்கறிக் கடை. சரி.
ஞாயிறு, அவர் தங்கை வீடு. சரி.
வியாழன் நாலு பத்துக்கு த்ர்சாட் மேட்டில் இறங்குகிறார்.
ஆறு ஐந்துக்குத் திரும்ப ஏறுகிறார்.
எல்லா வியாழனும்.
கான்ட்ரிடாவில் சதுரங்கம் ஆடுவதாக என்னிடம் சொல்வார்.
கான்ட்ரிடா ஊரின் மறுகோடி."

அவை அமைதியாக இருந்தது.
அமைதிக்கும் விதி இல்லை.

உறுப்பினர் ஒருவர் இளகிய குரலில்,
அம்மா, அந்தத் தெருவிலும் ஒரு கேமரா உண்டு,
எந்த வீடு என்று பார்த்துச் சொல்லச் சொல்லட்டுமா, என்றார்.

"இதைத்தான்,
இதைத்தான் சொல்ல வந்தேன் ஐயா.
உறை கொடுத்த பையனும் அதையே கேட்டான்.
முகம் இருந்தால் போதுமாம், முகவரி தானாக வருமாம்.
நாற்பத்தொரு வருஷம் அந்த முகத்தில்தான் விழித்தேன்.
சூப்புக் கிண்ணத்தை அவர் தள்ளுகிற விதத்திலேயே
எனக்குத் தேவையானது தெரியும்.
மிச்சத்தைத் தெரியாமல் வைத்திருந்தேன்.
தெரியாமல் வைத்திருப்பதும் ஒரு குடித்தனம்தான்.

யாரோ ஒருத்தி இருக்கலாம். கடன் இருக்கலாம்.
மேலே உட்கார்ந்து சும்மா கடலைப் பார்த்திருக்கலாம்.
இப்போது ராத்திரியானால்
த்ர்சாட்டின் ஒவ்வொரு கதவையும் நான் தட்டிக்கொண்டிருக்கிறேன்,
கட்டிலில் படுத்தபடி.
அழித்துவிடுங்கள். என்னிடமிருந்து அழிக்க முடியாது,
உங்களிடமிருந்தாவது."

வாக்கெடுப்பு பதினெட்டுக்குப் பதின்மூன்று.
எழுபத்திரண்டு மணி நேரத்துக்குமேல் எந்த முகத்தையும் வைத்திருக்கக் கூடாது,
நீதிபதி உத்தரவு இல்லாமல் தேடக் கூடாது.
துறைமுகமும் கால்பந்து மைதானமும் விதிவிலக்கு.
பழைய பதிவுகளை, சம்பந்தப்பட்ட நபர்
நேரில் வந்து கையெழுத்திட்டால் அழிக்கலாம்.

சம்பந்தப்பட்ட நபர் கோஸாலா கல்லறையில் இருக்கிறார்.
மனு பரிசீலனையில் உள்ளது.

எல்லோரும் போனபின் நடவடிக்கைக் குறிப்பைச் சரிபார்த்தேன்.
சபைக் குறிப்புகள் நிரந்தர ஆவணம்.
எழுபத்திரண்டு மணி நேரம் இவற்றுக்குப் பொருந்தாது.
யார் வேண்டுமானாலும் நூலகத்தில் கேட்டு வாங்கிப் படிக்கலாம்,
த்ர்சாட் தெருக்காரர்களும்.

பத்தொன்பது வருஷத்தில் ஓர் எழுத்துப் பிசகியதில்லை நான்.
அன்று கிழமையை மாற்றினேன்.
மணியை மாற்றினேன்.
மேட்டை எடுத்துவிட்டு வேறொரு நிறுத்தம் வைத்தேன்.
ஒப்பம் இட்டேன்.

நீங்களும் தேட வேண்டாம்.
இங்கே உங்களுக்குச் சொன்னதிலும்
அது வியாழன் இல்லை.