அடிக்குறிப்பு 43

மென்பொருள் பதினோரு சதவீதம் என்றது.
விதிக்குள்தான், கட்டிக் கொடுத்துவிடு என்றார் நெறியாளர்.

அதன் கண்ணில் படாத ஒரு வரி
மூன்றாம் இயலில் என் பெயரில் உட்கார்ந்திருக்கிறது:
இந்நீர் முதலில் பல்லைக் கேட்கிறது, பிறகு முட்டியை.
பக்க ஓரத்தில், பச்சை மையில், 'அருமை'.

தண்ணியை நீர் ஆக்கியது மட்டும் நான்.

இண்டூர் பஸ் பிடித்தேன்.
மாதம்மாள் கேன் இறக்கிக்கொண்டிருந்தாள்.
"எம் பேரு எதுக்கு அதுல?
நானா சொன்னேன்? சென்றாயன் சொன்னது.
போர் மோட்டார் பாக்குறவன்."

நல்லம்பள்ளியில் கிரீஸ் கையோடு
நெடுநேரம் யோசித்தான் சென்றாயன்.
"பல்லு நான் சொன்னதுதான்.
முட்டி அவளுது.
எனக்கு இன்னும் வலி வரலியே."

தருமபுரிக்குத் திரும்பும் கடைசி பஸ்.
குலுங்கக் குலுங்க எழுதினேன்:
பல் – சென்றாயன், மோட்டார் மெக்கானிக், நல்லம்பள்ளி.
முட்டி – மாதம்மாள், இண்டூர்.
நேரில் கேட்டது. தேதி.
முதல் முறை கேட்டபோது பெயர் கேட்கவில்லை.

ஒரு வரிக்குக் கீழே ஐந்து வரி.
பக்கம் பிதுங்கி
அட்டவணை அடுத்த தாளுக்குப் போய்விட்டது.
போகட்டும்.

அந்தப் பச்சை 'அருமை'யை
எப்படி இரண்டாகக் கிழிப்பது என்றுதான்
தெரியவில்லை.