இருபத்து மூன்று கிலோ

அப்பாவின் இறைச்சிக் கடையில்
மாட்டுத் தொடை தொங்கும் கொக்கியில்
என் பெட்டி தொங்குகிறது.
முள் ஆடி ஆடி நிற்கிறது:
இருபத்தாறு கிலோ நானூறு.
"விமானத்தில் இருபத்து மூன்றுதான் விடுவான்" என்கிறார்,
வாடிக்கையாளரிடம்
கொழுப்பை வெட்டிவிடவா என்று கேட்கும் அதே குரலில்.

வெட்டினோம்.
மாத்தே இலைப் பொட்டலம் நான்கில் இரண்டு.
அம்மா பின்னிய கம்பளிச் சட்டை.
அங்கே வேர்க்குமாம், யாரோ சொன்னார்கள்,
அவர்களும் போனதில்லை.
ரோசியோ தந்த படத்தின் கண்ணாடிச் சட்டம்.
படத்தை மட்டும் வைத்துக்கொண்டேன்:
ஆற்றங்கரையில் ஐந்து பேர்,
கண்ணை மூடியிருப்பது நான்.

பிலார் ஊரே சொல்கிறது, கொடுத்துவைத்தவள்.
மருந்துக்கடைக்காரி சொல்கிறாள், பாதிரியார் சொல்கிறார்,
என்னை ஒருமுறை ஃபெயிலாக்கிய
கணக்கு வாத்தியார்கூடக் கைகுலுக்குகிறார்.
தைவானில் படிக்கப் போகிறாள்,
திரும்பி வந்து நமக்குப் பாலம் கட்டுவாள்.
பாலம் கட்டப் போகிறவளின் வயிற்றில்
புளி கரைவதை
யாரிடம் சொல்ல?

ஆகஸ்ட் முதல் தேதி விடியலில்
வெறும் வயிற்றில் ஏழு மிடறு கொடுத்தாள் அம்மா.
கரும்புச் சாராயம், அருவதா, எலுமிச்சை.
ஆகஸ்ட் பொல்லாத மாதம், இதைக் குடித்தால் தாண்டிவிடலாம்.
எல்லோருக்கும் ஏழு.
எனக்கு மட்டும் எட்டாவது ஊற்றினாள்,
ஊற்றியதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு.

இரவில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுச்
சீனம் பழகுகிறேன்.
மா என்றால் அம்மா.
குரல் ஏறினால் சணல்.
பள்ளத்தில் விழுந்து எழுந்தால் குதிரை.
சட்டென்று இறங்கினால் திட்டு.
அங்கே ஒருநாள் நடுத்தெருவில் நின்று
அம்மா என்று அழுதால்
குதிரையைத் தொலைத்தவள் என்பார்களோ.

"அக்கா, உன் கட்டில் எனக்கா?"
கேட்டான் டெர்லிஸ். பத்து வயது.
நான்கு நாளாக அவனோடு பேசவில்லை.
ஐந்தாம் நாள் புரிந்தது,
இந்த வீட்டில் என்னிடம்
சாதாரணமாக ஒன்றைக் கேட்டவன் அவன் ஒருவன்தான்.
ஜன்னல் பக்கம் தலை வைக்காதே, பனி இறங்கும் என்றேன்.

இனி, யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன்.
கடைசி இரவு
பாஸ்போர்ட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்
கடை ஃப்ரீசரில்
மாட்டுக் குடலுக்கு அடியில் செருகினேன்.
காணோம் என்று காலையில் தேடுவார்கள்.
பஸ் போய்விடும்.
விமானமும்.
நானும் கூடவே தேடுவேன், அழுவேன்,
எல்லோரும் என் முதுகைத் தடவுவார்கள்.
இவ்வளவுதான் என் திட்டம்.
படுத்துக்கொண்டு ஃப்ரீசரின் உறுமலைக் கேட்டேன்.
அங்கே இப்போது மதியம்.
என் பெயர் எழுதிய ஒரு கட்டிலின் மேல்
வெயில் விழுந்திருக்கும்.

மூன்று மணிக்கு எழுந்து போனேன்.
குடலைத் தள்ளினேன். இல்லை.
ஈரலைத் தள்ளினேன். இல்லை.
விரல் மரத்துப்போயிற்று.
நெஞ்சு அடித்த அடியில் ஒரு கணம்,
பொய் சொல்லக்கூடாது,
சந்தோஷமாகவும் இருந்தது.

பிறகுதான் பார்த்தேன்.
கல்லாப்பெட்டியின் மேல்
மடித்த துண்டில், பை இல்லாமல்,
துடைத்து வைத்திருந்தது.

யார் என்று கேட்கவில்லை.
அப்பா கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்,
கடை திறக்க இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது.
அம்மா மாத்தேவுக்கு வைத்த தண்ணீர் பொங்கி வழிந்தது.
கொதிக்கவே விடமாட்டாள் அவள்.
டெர்லிஸ் வாயை மூடிக்கொண்டு தூங்கினான்.
உண்மையில் தூங்கும்போது அவன் வாய் திறந்திருக்கும்.

தெபிக்குவாரி ஆற்றுப் பாலத்தில் பஸ் ஏறியபோது
வெளுத்துவிட்டது.
பாஸ்போர்ட் கையில் இன்னும் சில்லென்றிருந்தது,
அல்லது என் கைதான்.
பாலத்தின் இணைப்புகளில் டயர் தட்டுவதை
எண்ணத் தொடங்கினேன்.
அக்கரை வந்து,
சாலை மண் நிறமாகி,
மாடுகள் குறுக்கே போய், பஸ் நின்று, கிளம்பி,
நான் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தேன்.