அட்டையில் உள்ளபடி

ஒரு கேள்விக்கு நாற்பது ரூபாய்.
விடைக்குத் தனியாகக் காசில்லை,
நாற்பதுக்குள் அதுவும் அடக்கம்.

சாயிநாதபுரத்தில் கீழே டைல்ஸ் கடை,
மேலே உள்ளூர் கேபிளின் படப்பிடிப்புக் கூடம்.
சத்தம் மைக்கில் விழுமென்று
மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள்.
ஐப்பசியிலும் வேலூர் வேலூர்தான்.
பவுடர் வழிந்து
பிள்ளைகளின் காலரெல்லாம் திட்டுத்திட்டாக வெள்ளை.

கேமராவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல், அதில் நான்.
கேள்வி எழுதியவன் வாய் திறக்கக் கூடாது.

இறுதிச் சுற்று.
ஏலகிரி எந்த மாவட்டத்தில் இருக்கிறது?

ஆம்பூர் அரசுப் பள்ளி, எட்டாம் வகுப்பு தில்ஷாத்
பஸ்ஸரை இரண்டு முறை அமுக்கினாள்.
அந்த மேசையின் பஸ்ஸருக்கு
முதல் அமுக்கு கேட்காது.
ஒத்திகையிலேயே சொன்னேன்.
சமாளிச்சுக்கலாம் சார் என்றார்கள்.
சமாளித்தது அவள்.

"திருப்பத்தூர்."

தொகுப்பாளர் அட்டையைப் பார்த்தார்.
என் கையெழுத்தில் வேலூர்.
"அடடா... மைனஸ் பத்து!"

அவள் அழவில்லை.
"ஆகஸ்ட் பதினஞ்சே அறிவிச்சாச்சே சார்?"
"அறிவிப்பு அறிவிப்பும்மா, அட்டை அட்டை."
கூட்டம் கை தட்டியது.
கை தட்டச் சொல்லி சைகை காட்டும் பையனுக்கு
அன்றைக்கு முந்நூறு ரூபாய்.

அவர் சொன்னதும் தப்பில்லை.
அன்று நவம்பர் ஒன்பது.
நிச்சயம் ஆனதுமே
மருமகள் பெயரை ரேஷன் கார்டில் ஏற்றுவார்களா?
ஐந்தே மதிப்பெண்ணில் காட்பாடிப் பையன் ஜெயித்தான்.
சைக்கிள் அவனுக்கு.
அவளுக்கு ஒரு சான்றிதழ், ஒரு ஹாட்பாக்ஸ்.

ஒளிபரப்பானது டிசம்பர் முதல் ஞாயிறு.
இடையில் இருபத்தெட்டாம் தேதி வந்து போயிருந்தது.
மேடை, மாலை, புதுக் கலெக்டர்.
ஓர் அங்குலமும் நகராமல்
ஏலகிரி மாவட்டம் மாறியிருந்தது.
பெட்டிக்குள் அவள் சரியாகச் சொல்கிறாள்,
நாங்கள் தவறு என்கிறோம்,
அவள் தெருவே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் அவள் அம்மா
ஒரே ஒரு முறை போன் செய்தார்.
"படிச்சவங்கதானே நீங்க?"
கேள்வி எழுதும் தொழிலில் எனக்கு
பதில் தெரியாமல் போனது அதுதான் முதல் தடவை.

மேலாளர் ஒரு வரி ஓட விட்டார்.
பதிவு செய்யப்பட்ட தேதியின்படி விடை சரியானதே.
கடலை எண்ணெய் விளம்பரத்துக்குக் கீழே
அது ஓடி ஓடிக் காணாமல் போனது.

பிறகு ஜெயித்த பையனின் அப்பா கூப்பிட்டார்,
சைக்கிளைத் திருப்பிக் கேட்பீங்களா என்று.
பின்னாலிருந்து பையன் குரல்:
"அவ சொன்னப்பவே எனக்குத் தெரியும்ப்பா."
தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று
அவனை யார் கேட்பது?
ஸ்டூலில் இருந்தவனும் சொல்லவில்லை.

அன்றிரவு வாணியம்பாடி வீட்டில்
தகரப் பெட்டியைக் கவிழ்த்தேன்.
பிறப்புச் சான்றிதழில் வட ஆற்காடு.
பத்தாம் வகுப்புப் பட்டியலில்
வட ஆற்காடு அம்பேத்கர்.
கல்யாணப் பத்திரத்தில் வேலூர்.
கலெக்டர் ஆபீஸ் போக இனி
வேறு பஸ் பிடிக்க வேண்டும்.
எல்லாத் தாளிலும் அதே தெரு, அதே கதவு எண்.
எல்லாமே சரி.
எதற்கும் மைனஸ் இல்லை.

இப்போது ஒவ்வொரு அட்டையின் மூலையிலும்
பென்சிலால் தேதி போடுகிறேன்.
பாலாறு எங்கே பிறக்கிறது?
நந்தி மலை.
அது எங்கே போய்விடப் போகிறது.
இருந்தாலும் போட்டேன்.

கூடத்துக்குப் போகும்போதெல்லாம்
ஆளில்லாத நேரம் பார்த்து
அந்த மேசையில் விரல் வைக்கிறேன்.
இன்னும்
இரண்டாவது அமுக்குக்குத்தான் கேட்கிறது.