பருணி

பன்னிரண்டு வெள்ளி தொண்ணூறு காசு.
மார்க்கெட் ஸ்ட்ரீட் கடையில்
ஊதுபத்திக் கட்டுகளுக்கும் ராசிபலன் நாள்காட்டிகளுக்கும் நடுவே
ஒரே ஒரு பிரதி.
'மூளைக்கு முந்நூறு வேலை.
எட்டு முதல் பத்து வயது வரை.'
ருவேந்திரன் கேட்டது வண்ணப் பென்சில்.
எடுத்தது நான்.

ஃபெர்ரியில் உட்கார்ந்ததும் பிரித்துவிட்டான்.
கரையை விட்டு நகர்வதற்குள்
முயல் பட்டினி என்று தெரிந்துபோயிற்று.
கேரட்டுக்குப் போகிற எல்லா வழியிலும் சுவர்.
"மூடிட்டாங்கப்பா" என்றான்,
ரொட்டி சானாய்க் கடையைச் சொல்வதுபோல.

அடுத்த பக்கம்: ஆறு வித்தியாசம் கண்டுபிடி.
இரண்டு படத்திலும் அதே குடை, அதே நாய்,
அதே அசட்டுச் சிரிப்போடு அதே பையன்.
அவன் தேடினான். நான் தேடினேன்.
பக்கத்து இருக்கையில் கீரைப் பையோடு இருந்த சீன அம்மாள்
கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு தேடினாள்.
வலப்பக்க நாயின் காலில் ஒரு மைப்பொட்டு,
அச்சகத்தில் சிந்தியது.
"ஒண்ணு" என்று எழுதிக்கொண்டான்.
மீதி ஐந்தைக் கடலைப் பார்த்தபடி விட்டுவிட்டான்.

பிறகு குறுக்கெழுத்து.
தேசிய விலங்கு. இரண்டு கட்டம்.
பு. லி.
கச்சிதமாய் உட்கார்ந்தது புலி.
முகம் கொஞ்சம் தெளிந்தது.

தேசிய மலர்.
மூன்று கட்டம்.

விரல் விட்டு எண்ணினான். ஆறு வந்தது.
இன்னொரு முறை எண்ணினான், உதட்டை அசைத்து. ஆறுதான்.
பெனாங் பாலம் தூரத்தில் கோடாய்க் கிடந்தது,
பேனா மூடி அவன் பல்லில் கிடந்தது.
பிறகு பொடிப்பொடி எழுத்தில்,
பள்ளி வேனில் பிள்ளைகளை அடைப்பதுபோல,
செம் ஒரு கட்டத்தில்
பரு ஒரு கட்டத்தில்
த்தி ஒரு கட்டத்தில்.

விடைப் பக்கம் தலைகீழாய் இருந்தது.
புத்தகத்தைத் திருப்பினான்.
தாமரை.

என் சட்டைப் பையில் கை விட்டு
ஒரு வெள்ளி நோட்டை உருவி
அதிலிருந்த பூவை எனக்கே காட்டினான்,
நான்தான் அச்சடித்தவன் மாதிரி.
"டீச்சர் சொன்னது பொய்யா? காசு பொய்யா?"
வேறு நாட்டுப் பிள்ளைகளுக்குப் போட்ட புத்தகம்டா என்றேன்.
"தமிழ்லதானே இருக்கு?"
அதற்கு நான் பதில் சொல்லவில்லை.
படகு தூணில் லேசாக இடித்து நின்றது.

சனிக்கிழமை கொண்டுபோய் நீட்டினேன்.
கடைக்காரர் புரட்டிப் பார்த்தார்.
"பேனாவால எழுதிட்டீங்களே சார்."

அன்றிரவு துறைமுகத்தில் வேலை.
பாரந்தூக்கியின் கூண்டில், இரண்டு மணிக்கு மேல்,
டிபன் பையிலிருந்த புத்தகத்தைப் பிரித்து
முயலை நானும் நகத்தால் நடத்திப் பார்த்தேன்.
கீழே வரிசை வரிசையாய்ப் பெட்டிகள்.
ஒன்றைத் தூக்கினால் லாரிக்கு வழி.
தாளில் தூக்க ஒன்றும் இல்லை.
பையன் சொன்னது சரி, மூடிட்டாங்க.

பக்கத்தைத் திருப்பியபோதுதான் கவனித்தேன்.
மலரின் நடுக்கட்டத்திலிருந்து கீழே இறங்குகிறது இன்னொரு சொல்:
பள்ளிக்கூடத்தில் அடிப்பது.
ணி ஏற்கெனவே அச்சில் இருந்தது, உதவியாக.
மேலே அவன் எழுதிய பரு.

பருணி.

அழிக்கவில்லை அவன்.
பக்கத்தில் சரி போட்டு
தனக்குத் தானே ஒரு நட்சத்திரமும் கொடுத்திருந்தான்.

திங்கட்கிழமை.
பிறை ரயில் கேட்டில் மாட்டிக்கொண்டோம்.
மோட்டார் சைக்கிளில் பின்னாலிருந்து
என் முதுகைக் குத்துகிறான்:
"சீக்கிரம்பா, பருணி அடிச்சிரும்."
தூக்கம் வராத கண்ணோடு
"அடிக்காதுடா, இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு பருணிக்கு"
என்கிறேன்.