கிட்டக் கோட்டை

பெள்ளந்தூர் ஏரி நுரை கக்கிய மறுநாள்
மதகுக்குக் கீழே இறங்கி
அரை லிட்டர் சாக்கடை மொண்டேன்.
ஆட்டோவை நிறுத்திய ருத்ரேஷ்
மூக்கைப் பொத்திக்கொண்டே கேட்டான்:
"இதிலயா மேடம் மருந்து?"
எனக்கே தெரியாது. தலையாட்டி வைத்தேன்.

வடிகட்டியின் துளை கால் மைக்ரான்.
பாக்டீரியா மேலே தங்கும்.
வைரஸ் இறங்கிவிடும்,
சல்லடைக்குத் தெரியாமல் நழுவும் மாவு.

மருத்துவமனை அனுப்பிய கிருமி க்ளெப்சியெல்லா.
ஐந்தாம் மாடி, பதினான்காம் படுக்கை.
எட்டு ஆன்டிபயாடிக் வில்லைகள் வைத்துப் பார்த்தோம்.
எட்டையும் உரசிக்கொண்டு வளர்ந்தது.
சர்க்கரைப் போர்வை போர்த்திய திமிர்.

கை பொறுக்கும் சூட்டில் அகர்,
அதில் கிருமி, அதில் ஏரி.
தட்டில் ஊற்றிவிட்டுக் காத்திருந்தேன்.

தேடி வந்ததற்கு வாயில்லை, மூச்சில்லை.
ஒரு பெட்டி, குட்டை வால், ஆறு முள்,
உள்ளே மடித்துத் திணித்த
நாற்பதாயிரம் எழுத்து.
முள்ளால் போர்வையை அறுக்கும்,
எழுத்தை உள்ளே விடும்.
பிறகு அந்த வீட்டு அடுப்பு, அந்த வீட்டு அரிசி,
சமையல் குறிப்பு மட்டும் இதனுடையது.
அரை மணியில் சுவர் வெடித்து
நூறு பேர் தெருவில்.

ஐந்து தட்டுகள் வெறும் வெள்ளை.
ஆறாவதில், வியாழன் காலை ஆறே காலுக்கு,
ஓர் ஓட்டை.
குண்டூசித் தலையளவு தெளிவு,
அதை ஒட்டி மங்கலாய் ஒரு வளையம்.
நிலா கோட்டை கட்டியிருக்கிறது!
கிட்டக் கோட்டை கட்டினால் எட்ட மழை.
வைரஸுக்கு முன்னே ஓடிய நொதி
போர்வையை உருவிப் போட்ட இடம் அது.
தேஷ்பாண்டே சார் பார்த்தால்
முதலில் காப்புரிமைப் படிவத்தைத்தான் தேடுவார்.

வார்டுக்கு ஃபோன் செய்தேன்.
"பதினாலா? நேத்தே காலி மேடம்."
எப்படிக் காலி என்று கேட்பதற்குள்
வைத்துவிட்டாள்.
மறுபடி எண்களை அழுத்தினேன், ஏழு வரை.
பிறகு தட்டை வெளிச்சத்தில் பிடித்தேன்.
இதுவும் காலிதான்.
இதற்காகத்தான் பதினோரு நாள்.

குழாயில் அடைத்து
மைனஸ் எண்பதில் வைக்க வேண்டும்.
வைப்பதற்கு ஒரு பெயர் வேண்டும்.
'பெள்ளந்தூர் 14' என்று எழுதினேன்.
பனியில் மை கசிந்து
நான்கு ஒன்பதுபோல் ஆனது.
அதன்மேலேயே அழுத்தி
இன்னொரு நான்கு எழுதினேன்.

ஃபோன் அடித்தது.
ருத்ரேஷ்.
"சில்க் போர்டுல செம மழை மேடம்.
வர லேட்டாகும்."