ஒன்பதாவது பெட்டி

விசுவமடுப் பள்ளியில்
மாசி வெயில் தகரத்தில் ஏறமுன்
முப்பத்தொரு பிள்ளைகளுக்குத் தாள் கொடுத்தேன்.
எட்டுப் பெட்டிகளில் கோடும் வட்டமும்,
ஒன்பதாவது வெறுமை.
கீழே ஆறு விடைகள். இருபது நிமிடம்.

யதுர்சிகா கை உயர்த்தினாள்:
"மிஸ், இதிலை இருந்ததை எடுத்தது ஆர்?"
என் படிவத்தில் அதற்கு நிரல் இல்லை.

பின்னேரம் பரந்தன் சந்தியில்
பஸ்ஸுக்கு நின்றபடி கூட்டினேன், வகுத்தேன்.
ஒரு நாட்டின் மூளைக்குத் தசமப் புள்ளி வைத்து
அங்கே ஏன் ரொக்கெட் இல்லை என்று
விளக்கப்போகிற அறிக்கைக்கு
என் பங்கு இரண்டு இலக்கம்.

மறுத்து ஒன்று சொல்லலாம்தான்:
தடை நாட்களில் எங்கள் சித்தப்பா
காபரேற்றருக்குள் இரண்டு துளி பெற்றோல் விட்டு
மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்.
சொல்லமாட்டேன்.
அது கெட்டித்தனம் என்பதைவிட
பெற்றோல் இல்லாமை.
அவருக்கு இருமல்தான் மிச்சம்.

அதே வருசம் எங்களுக்கு மேலே பறந்தது
சராசரி உயர்ந்த நாடொன்றில் செய்தது.
நல்ல பொறியியல்.
சத்தத்துக்கு முன்பே வந்துவிடும்.

வராத ஒன்பது பேருக்கும்
'சமுகமில்லை' என்று கோடு கீறியிருந்தேன்.
நாலு பேர் அருவி வெட்டில்.
கபிலாஷுக்குத் தலைக்குள் கிடக்கிற துண்டுக்காக
வவுனியாவில் கிளினிக்.
மற்றவர்களை நான் விசாரிக்கவில்லை.

பஸ் வெளிச்சத்தில்
யதுர்சிகாவின் தாளை இன்னொருக்கால் விரித்தேன்.
அழித்தழித்து
ஒன்பதாவது பெட்டி ஓட்டையாகியிருந்தது.
அதற்குள்ளால் அடுத்த பக்கம் தெரிந்தது:
அங்கேயும்
வெறும் பெட்டி.